பிரெண்டாவின் அறை

"பிரெண்டா, தலையைத் தூக்கும்மா. ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு."

சாத்திய கதவுக்குப் பின்னால் கணவன் குழைந்துகொண்டிருந்தது ராதிகாவுக்குத் தெளிவாகக் கேட்டது. வேறொரு மனைவியாக இருந்தால் தோஹாவின் அந்த நஜ்மா தெருவே கூடியிருக்கும். ராதிகா கதவைத் திறந்து, "ஏசியைக் கொஞ்சம் நிறுத்துங்க, ஹால் வரைக்கும் குளிருது" என்றாள்.

உள்ளே கம்பளிக் குல்லாயும் கையில் லென்ஸுமாகப் பூந்தொட்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான் சிவசங்கரன். பிரெண்டா என்பது பிரெண்டா ட்ராய்ல். ஸ்னோடிராப் என்ற குளிர்தேசத்துப் பூவில் ஒரு ரகம். வெள்ளை வெளேரென்று, விரல்நுனி அளவில், எப்போதும் தலை குனிந்தே நிற்கும்.

கம்பெனி அவனை ட்ரெயினிங்குக்காக ஸ்காட்லாந்துக்கு அனுப்பியதில் வந்த வினை இது. கூடப் போனவர்கள் சாக்லேட் வாங்கி வந்தார்கள், இவன் கிழங்கு வாங்கி வந்தான். கோடை முழுவதும் அவை ஃப்ரிட்ஜில் சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் தூங்கும். குளிர்காலம் வந்தால் இருக்கிற இரண்டு படுக்கையறையில் ஒன்று அவற்றுக்குத்தான்.

இப்போது தகராறே அந்த அறைக்குத்தான். ராதிகாவின் அம்மா பஞ்சவர்ணம் மூன்று மாத விசிட் விசாவில் வருவதாக இருந்தார்.

"முட்டிவலிக்காரங்க. அவங்களை ஹால்ல தரையிலயா படுக்க வைக்கிறது?"

"தொட்டியை பால்கனிக்குக் கொண்டுபோனா ஒரே வாரத்துல எல்லாம் கருகிடும் ராதிகா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரகம்."

"என்ன பெரிய ரகம்? எல்லாம் ஒரே வெள்ளைதானே?"

சிவசங்கரனுக்குச் சுருக்கென்றது. "உள்ளிதழ்ல இருக்கிற பச்சையைப் பாரு. முழுசும் பச்சைன்னா மெர்லின். காம்பு நீளமா இருந்து காத்துல ஆடினா மேக்னட். நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே சொல்லுங்க போதும்." ராதிகா இடுப்பில் கை வைத்தாள். "பேர் எழுதின சீட்டையெல்லாம் பிடுங்கி தொட்டிக்கு அடியில ஒட்டிடறேன். இடத்தையும் மாத்தி வச்சிடறேன். அத்தனையும் சரியாச் சொல்லிட்டா அம்மா வர்றதை நானே நிறுத்திடறேன். ஒண்ணு தப்பினாலும் எல்லாத் தொட்டியும் பால்கனிக்கு."

கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு நியாயமான பேச்சை அவன் கேட்டதில்லை. அவள் மனம் மாறுவதற்குள் சரி என்றான். சாட்சிக்கு எதிர்வீட்டு மின்ஹா அழைத்து வரப்பட்டாள்.

மெர்லினைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். மேக்னட்டும் அப்படியே. அதற்குப் பிறகுதான் அந்தக் குளிரிலும் அவனுக்கு வியர்த்தது. தரையில் மல்லாந்து படுத்துப் பூவை அடியிலிருந்து பார்த்தான், பென்சிலால் இதழை நெம்பிப் பார்த்தான்.

"இது... ஸ்ட்ராஃபன்."

ராதிகா தொட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போனது. "சரி" என்றாள். அடுத்ததற்கும் சரி, அதற்கடுத்ததற்கும் சரி. அம்மாவுக்கான கட்டில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் அடி தள்ளிப் போவதைப் பார்க்க மின்ஹாவுக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் இரண்டே தொட்டிகள் மிஞ்சின. ஒன்று பிரெண்டா, மற்றொன்று ஆர்னாட். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன, வாசனைகூட ஒரே தேன் வாசனை. சிவசங்கரன் மாறி மாறி முகர்ந்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தான், மறுபடியும் முகர்ந்தான்.

"இதுதான் பிரெண்டா. இல்லை, இரு... இது ஆர்னாட். அதுதான் பிரெண்டா!"

"சரி" என்றாள் ராதிகா. பிறகு குனிந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

சிவசங்கரன் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தவனைப் போல் குதித்தான். மின்ஹா தொட்டிகளைப் பழையபடி அடுக்கி வைத்தாள். ராதிகா சண்டை போடவில்லை. சொன்ன சொல் சொல்தான் என்று, அவன் எதிரிலேயே காலிங் கார்டைச் சுரண்டி ஊருக்கு எண்களை அழுத்தினாள்.

"நான் என்னம்மா பண்றது? உங்க மாப்பிள்ளைக்கு மாமியாரைவிடப் பூத்தொட்டிதான் பெருசாப் போச்சு. கால்ல விழாத குறையாக் கேட்டுப் பாத்துட்டேன்." அவள் குரல் தழுதழுத்தது. மறுமுனையில் பஞ்சவர்ணம் மாப்பிள்ளையை வாங்கு வாங்கென்று வாங்கியது ஹால் முழுவதும் கேட்டது. ஜெயித்தவன் காதைப் பொத்திக்கொண்டு குளிர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ராதிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சமையலறைக்குப் போனாள். மின்ஹாவும் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தொட்டியெல்லாம் அடுக்கி வைக்கும்போது நான் அடியில பாத்தேன். முதல் ரெண்டைத் தவிர அண்ணன் சொன்னது அத்தனையும் தப்பு. நீங்க எதுக்கு சரி, சரின்னீங்க?"

ராதிகா சாத்தியிருந்த அறைக்கதவை எட்டிப் பார்த்தாள். அடுப்பில் டீக்குப் பால் வைத்தாள். மின்ஹாவின் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மாகூட மூணு மாசம் நீ இருப்பியா?"