முதல் எதிர்மனுதாரர்

கூண்டில் ஏறி நின்றவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நீதிபதியைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தார் வக்கீல். கண் என்னவோ கடைசி பெஞ்சுக்கே போனது.

அங்கே அவள் புருஷன் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். இந்த வழக்கில் முதல் எதிர்மனுதாரர் அவர்தான்.

கட்டினவர் மேலேயே கேஸ் போட்டுவிட்டு, கட்டினவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து கோர்ட்டுக்கு வருகிற கூத்து வேறெங்கே நடக்கும்? காலையில் அப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

வக்கீல் எத்தனையோ தடவை விளக்கிவிட்டார். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து அடிபட்டவளுக்குக் கம்பெனி கொடுக்கும். ஆனால் ஓட்டியவர் மேல் தப்பு இருந்தால்தான் கொடுக்கும்.

தலையாட்டினாள். புரிந்ததா என்றால், பாதி.

வலது மணிக்கட்டுக்குள் தகடு இருக்கிறது. நாலு மாடு கறந்த கை, இப்போது ஒரு சொம்பைப் பிடிக்காது. மாடுகளை விற்றாயிற்று. இன்னொரு ஆபரேஷன் செய்தால் பிடிப்பு திரும்பலாம் என்கிறார் டாக்டர்.

அதற்காகத்தான் இந்தக் கூண்டு.

ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. சொல்லிக்கொடுத்ததே புருஷன்தான். என் வீட்டுக்காரர் போன் பேசிக்கொண்டே வேகமாக ஓட்டிப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டார் என்று சொல்ல வேண்டும். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார், போங்கள்.

அவளுக்குத்தான் குழம்பியது. அப்படித்தானே நடந்தது?

ஊரில் அவர் சொல்வது வேறு. நாய் குறுக்கே வந்துவிட்டது. பார்க்க வந்த சொந்தபந்தம், பால் சொசைட்டிக்காரர், மகனின் மாமியார், எல்லோரிடமும் நாய்தான். முதலில் வெறும் நாய். பிறகு கறுப்பு நாய். போன பொங்கலுக்குள் அதற்கு ஒரு கால் நொண்டியாகிவிட்டது.

கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் தட்டியது. வந்திருக்குமோ? நான்தான் கவனிக்கவில்லையோ?

அடிபட்ட இந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, என்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். வலிகூடக் கொஞ்சம் குறைந்திருக்கும். கேட்டால் சண்டை வந்தது. கேட்பதை விட்டுவிட்டாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பணத்துக்காகப் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். நாய் குறுக்கே வந்ததுதானே உண்மை என்று கேட்டார்.

வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்த வரி வரவில்லை.

"நாயெல்லாம் எதுவும் வரலீங்க. நான் தோளைத் தொட்டு, போனை வையுங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அவரு கேக்கல."

குரல் உடைந்தது. இது யாரும் சொல்லிக்கொடுக்காதது.

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி பெஞ்சில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்டுவிட்டது. இத்தனை நாள் கழித்தாவது அவர் காதில் விழுந்துவிட்டது. வெளியே போனதும், என்னால்தான் என்று சொல்லிவிடுவார்.

வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் அவர் காத்திருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

அவள் எதிரே போய் நின்றாள்.

"தோளைத் தொட்டேன்னு நீயாச் சேத்துக்கிட்ட பாரு, அது ஒண்ணு போதும் வசந்தாமணி. நெசமா நடந்த மாதிரியே இருந்துச்சு."

கேலி இல்லை. அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

அவள் அந்த முகத்தையே பார்த்தாள். அவர் பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும், இருபத்தேழு வருஷமாகப் பார்த்தது. இது அது இல்லை, நாய் வந்ததென்று நிஜமாகவே நம்புகிற முகம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். வெயிலில் காய்ந்த பின்சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, ஏறச் சொன்னார்.

அவள் பக்கத்தில் நின்ற வேறொருவரிடம், ஊர் திரும்ப அந்தியூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள்.