அப்புறம் பார்க்கலாம்

சீனி ரேஞ்ச் ரோவர் காடியை வக்கீல் ஸ்கந்தராஜா வீட்டு வாசற்படி வரை கொண்டுபோய் நிறுத்தினான். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் வக்கீலின் டிரைவர் ஐயாவு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"வேணாம்லா, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று ஜெலாப்பாங்கில் இருக்கும் சீனியின் பட்டறையிலிருந்து வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தவன்.

இத்தனை நாள் அவனிடம் சொல்லி அனுப்பியதே போதும் என்றிருந்தது சீனிக்கு.

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஓட்டிய காடி அது. ரப்பர்த் தோட்டத்து மண்சாலையில் பல வருஷம் அடிபட்டது. வக்கீல் மேல்மினுக்கைப் பார்த்து வாங்கிவிட்டார்.

முதல் தடவை பட்டறைக்கு வந்தபோதே குலுக்கலைத் தாங்கும் அப்சோபரில் எண்ணெய் கசிந்தது. மாற்றியாக வேண்டும் என்று ஐயாவுவிடம் சொல்லி அனுப்பினான். அய்யா அப்புறம் பார்க்கலாம் என்றாராம்.

அடுத்த தடவை நடுவிலிருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியது. அப்போதும் அப்புறம்தான்.

இன்று காலை, பின் அச்சைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்டைக் கம்பியால் நெம்பிப் பார்த்தான். பல் ஆடுவதுபோல் ஆடியது. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் காடியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

சனிக்கிழமை வக்கீல் குடும்பம் கேமரன் மலைக்குப் போகிறதாம். ஐயாவு பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோதுதான் சீனி சாவியைப் பிடுங்கினான்.

வாடிக்கை போனால் போகட்டும். அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

ஸ்கந்தராஜா வெளியே வந்தார். அவர் மனைவி புனிதவதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கதவோரம் வந்து நின்றார்கள்.

"எத்தன தடவ சொல்லி அனுப்புறதுங்க? இதுல ஏறப்போறது உங்க பிள்ளைங்கதானே?"

வக்கீல் புரியாமல் பார்த்தார்.

"என்ன காணும் சொல்லுறீர்? ஒரு குறையுமில்லை, இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமெண்டு நீர்தானே சொல்லி அனுப்பினீர்? ஐயாவு ஒவ்வொரு முறையும் வந்து சொன்னானே."

சீனி திரும்பினான். ஐயாவு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காது இரண்டும் கொதித்தன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயாவுவின் வேலை இந்த வாசலிலேயே முடிந்துவிடும்.

சீனி பல்லைக் கடித்தான்.

"ஆமாங்க. நான்தான் சொன்னேன். சரியாப் பாக்கல."

அவன் கேட்க வந்ததையெல்லாம் அவர் கேட்டார். பிள்ளைகள் போகிற வண்டி என்று தெரியாதா, மனுஷ உயிர் விளையாட்டா, நீயெல்லாம் எதற்குப் பட்டறை வைத்திருக்கிறாய். புனிதவதி பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சீனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவிழ்த்தால் யாரையாவது அடித்துவிடுவான் போலிருந்தது.

"இனி உம்மட பட்டறைக்கு இந்தக் கார் வராது. ஐயாவு, இண்டைக்கே டவுனுக்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் மாத்திப்போடு."

அவ்வளவுதான். ஐயாவு உள்ளதைச் சொல்லியிருந்தால் முதல் தடவையே மாற்றியிருப்பார்.

சீனி கேட்டைத் தாண்டி வெயிலில் நடந்தான். பின்னாலேயே ஊர்ந்து வந்த காடி நின்றது. ஐயாவு இறங்கி ஓடிவந்தான்.

"போன வருஷம் ஒரு தடவ கோவத்துல சொன்னாரு மச்சான், இனி செலவு வச்சா காடிய வித்துருவேன்னு. வித்துட்டா எனக்கு ஏது வேல? பயந்துட்டேன்."

சீனி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். தலைத் தீபாவளிக்குச் சீனியே எடுத்துக்கொடுத்த சட்டை. ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது.

ஓங்கிய கையை இறக்க வெகுநேரம் ஆனது.

"நாப்பதுக்கு மேல ஓட்டாத" என்று அவனைக் காடியின் பக்கம் தள்ளிவிட்டான். "வீட்டுல என் தங்கச்சி புள்ளத்தாச்சியா இருக்கா."