ஒரே சஹன்

சஹன் தட்டின் நடுவில் கிடந்த பொரித்த கோழியைப் பார்த்ததும் ஹுசைன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"என்ன மச்சான், புதுமாப்பிளைக்கே இவ்வளவு வேர்க்கல்ல. ஒங்களுக்கு என்ன வந்த?" என்று பக்கத்தில் சம்மணமிட்டிருந்த மக்கீன் சிரித்தான்.

மாத்தளைக் கல்யாண மண்டபத்தில் பகல் விருந்து. பெரிய தட்டு ஒன்றுக்கு ஆறு பேராக வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஹுசைனுக்குத் தன் பக்கத்திலேயே இடம் பிடித்து வைத்திருந்தான் மக்கீன். போதாததற்குக் காலையில் இரண்டு தடவை போன் வேறு. "கட்டாயம் வாங்க மச்சான், ஒரே சஹன்ல இருப்பம்."

மக்கீனின் மிளகு மூட்டைகளை ஹுசைன் தன் லொறியில் ஏற்றிப் போவது பத்து வருடப் பழக்கம். போன மாதம் ரத்தொட்டை ரோட்டில் பொலிஸ் மறித்தபோது, மிளகுக்கு அடியில் வல்லப்பட்டைத் துண்டுகள் கிடந்தன. அத்தருக்காக ரிவர்ஸ்டன் காட்டில் களவாக வெட்டிக் கடல் கடத்துகிற மரம். சத்தியமாக ஹுசைனுக்கு ஒன்றும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் அவனை விட்டுவிட்டார். ஆனால் சும்மா விடவில்லை. மூட்டைக்காரனைக் காட்டிக்கொடு, இல்லாவிட்டால் வழக்கு உன் தலையில் என்றார். மக்கீன் வீட்டுப் பக்கம் ஜீப் திரும்பினாலே ஆள் காற்றாய்ப் பறந்துவிடுவான். கல்யாணச் சாப்பாட்டில்தான் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான்.

அதற்கும் இன்ஸ்பெக்டரே வழி சொன்னார். கோழிக்காலைப் பிய்த்து அவனுக்கு வைக்க வேண்டும். யாருக்கு வைக்கப்படுகிறதோ, அவனை அவருடைய ஆட்கள் அள்ளிக்கொள்வார்கள். அவர்கள் வெளியூர், யாருடைய முகமும் தெரியாது.

நல்ல அடையாளம்தான். மக்கீனுக்கு யாரும் தப்பித்தவறிக்கூடக் கோழிக்கால் வைக்கமாட்டார்கள். பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் அவனே பிய்த்துக்கொள்வான். பெற்ற மகளுக்கும் இறக்கையைத்தான் தள்ளுவான் என்று ஊரே கேலி பேசும்.

கை கழுவத் தண்ணீர்க் கெண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டும் புதுமுகங்கள். ஹுசைன் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினான்.

மண்டபத்துத் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே அவனுடைய மனைவி கைறுன்னிஸாவின் சிரிப்பு கேட்டது. அவளுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று, கண்டியில் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரத்தம் கொடுத்தவன் இந்த மக்கீன். அந்த இரத்தத்தில்தான் அவள் இன்றைக்குச் சிரிக்கிறாள்.

ஹுசைனின் விரல் கோழிக்காலைத் தொட்டது. தொட்ட வேகத்தில் சுட்டுக்கொண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏலா" என்றான், தன்னை மறந்து.

"என்ன ஏலா?" மக்கீன் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்டுமில்ல மச்சான். நீங்க தின்னுங்க."

சிறைக்குப் போக வேண்டி வந்தால் போவோம் என்று முடிவு செய்துவிட்டான். சோறு வைத்து ஆளைப் பிடித்துக் கொடுக்கிற ஈனப்பிழைப்பு நமக்கு வேண்டாம். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. உடனே பசித்தது.

மக்கீன் கோழிக்காலைப் பிய்த்தான். வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதைக் கையில் இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு அதை ஹுசைனின் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தான்.

"தின்னுங்க மச்சான். மெலிஞ்சி போயீக்கிறீங்க."

எதிரே இருந்த ஷிஃபான் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்தினான். "அல்லாஹ்வே! மக்கீன் நானா கோழிக்கால் குடுத்த! இண்டைக்கு அலுவிகாரை மலையே வெள்ளத்தில போகப் போகுது!"

சஹனைச் சுற்றி ஒரே சிரிப்பு. ஹுசைனுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. இவனைப் போயா காட்டிக்கொடுக்க வந்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கோழிக்காலை எடுத்து ஒரு கடி கடித்தான்.

தோளில் ஒரு கை விழுந்தது. கெண்டி கொண்டுவந்த இருவரில் இளையவன் குனிந்து நின்றான். பேச்சில் தேயிலைத் தோட்டத்துச் சாயல் இருந்தது.

"சத்தம் போடாம எழும்புங்க. வெளிய ஜீப் நிக்குது."

ஹுசைனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பாவம், வெளியூர்ப் பையன்கள், ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.

"தம்பி, நான்தான் ஒங்கட இன்ஸ்பெக்டர்ட ஆள்" என்றான் அவன் காதோடு. "கோழிக்கால் வெக்க வேண்டிய ஆளே நான்தான். நான் இன்னம் யாருக்கும் வெக்கல்லியே!"

மக்கீன் தலை நிமிரவில்லை. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

இளைஞன் ஹுசைனின் கையிலிருந்த கோழிக்காலை வாங்கிச் சஹனில் வைத்தான்.

"வைக்கிறவரு பேரு மக்கீன்னுதாங்க எங்களுக்குச் சொன்னாங்க."