தோள்கறிப் பரீட்சை

"அலறினா அலறட்டும் தம்பி. கறியை விட்டுட்டு நகராதீங்க" என்றார் அந்த அம்மாள்.

சமையலறைக் கூரையில் புகை எச்சரிக்கை மணி காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கனமான இரும்புப் பாத்திரத்தில் ஒரு முழு மாட்டிறைச்சித் துண்டு எண்ணெயில் சீறியது. மணியை நிறுத்த நாற்காலியை இழுத்த லிஃப்ட் மெக்கானிக், அதைப் பாதி வழியில் விட்டுவிட்டு இடுக்கியோடு திரும்பினான்.

"கருகிடாதா ஆன்ட்டி?"

"எல்லாப் பக்கமும் சிவந்தாத்தான் குழம்புக்கு நிறம் வரும். புரட்டுங்க."

ஜன்னலை விரியத் திறந்து மணியின் வாயை அவரே அடைத்தார்.

மெக்கானிக் காதலித்த பெண்ணின் அப்பா கறிக்கடைக்காரர். கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கடையிலேயே முரட்டுத் துண்டாகப் பார்த்துத் தோள்கறியைக் கட்டிக் கொடுத்து, ஞாயிறு மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார். கத்தி படாமல், கரண்டி பட்டதும் பிய்ந்து வந்தால் பெண்ணைத் தருவாராம். மெக்கானிக்குக்கு அதுவரை முட்டை அவிக்க மட்டும்தான் தெரியும்.

விடிந்ததும் காய்ப் பையோடு பின்பக்கப் படியேறி வந்த அந்த அம்மாளிடம் மட்டும் துளி பதற்றம் இல்லை. சிவந்த கறியை எடுத்து வைக்கச் சொன்னார். அதே பாத்திரத்தில் வெங்காயமும் பூண்டும் வதங்கின. அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டச் சொல்லி, தக்காளிச் சாற்றையும் எலும்பு சூப்பையும் ஊற்ற வைத்தார். கடைசியாக, பால் கலக்காத காப்பி ஒரு டம்ளர்.

"காப்பியா?"

"எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. ஊத்துங்க."

கறி மறுபடி உள்ளே போனது. மூடியை அழுத்தி மூடி, ஓவனில் குறைந்த சூட்டில் வைத்தார்கள். அதன்பின் மெக்கானிக்கால் உட்கார முடியவில்லை. ஓவன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தான்.

"ஒரே ஒரு தடவ திறந்து பாத்துடட்டுமா?"

"லிஃப்ட்டு ரெண்டு மாடிக்கு நடுவுல போறப்ப கதவைத் திறந்து பாப்பீங்களா?"

மெக்கானிக் உட்கார்ந்துவிட்டான்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் பாதி நேரம் கழித்துத்தான் உள்ளே போயின. முதலிலேயே போட்டால் கூழாகிவிடும் என்றார். மதியம் நெருங்க, வாசனை மாடிப்படிவரை இறங்கியது. அந்த அம்மாள் எலுமிச்சை தேய்த்துக் கை கழுவி, காலிப் பையை மடித்து எடுத்துக்கொண்டார்.

"நான் வந்து போனது யாருக்கும் தெரிய வேண்டாம். அவளுக்குக்கூட."

"கறி வேகலைன்னா ஆன்ட்டி?"

"வேகும். இந்தக் கறியோட குணமும் தெரியும், சாப்பிட வர்றவரோட குணமும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக இறங்கிப் போனார்.

வாசல் மணி அடித்தபோது மெக்கானிக் சட்டை மாற்றியிருந்தான். கறிக்கடைக்காரர், மகளோடு நின்றார். தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவியையும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டான் மெக்கானிக்.

மேசையில் மூடி திறந்தது. கறிக்கடைக்காரர் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுக் கரண்டியால் மெல்ல அழுத்தினார். கறி நார் நாராகப் பிரிந்து விழுந்தது.

"ரொம்ப மெத்துன்னு இருக்கே. யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார் மனைவி.

"நானே பழகினதுதாங்க" என்றான் மெக்கானிக், தட்டைப் பார்த்தபடி.

கறிக்கடைக்காரர் குழம்பை மட்டும் தனியாக ஒரு கரண்டி குடித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும், வருகிற மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்.

கை கழுவும் இடத்தில் மெக்கானிக் துண்டை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு, "காப்பி ஊத்தினீங்களா?" என்றார்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவர் கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. என் மாமனார் எனக்கு இதே தோள்கறியைக் கொடுத்தப்போ, என் மாமியாரும் உங்க மாமியார் மாதிரியேதான் பின்பக்கமா வந்து காப்பி ஊத்தச் சொல்லிட்டுப் போனாங்க."