காதுக்கல்

வடக்குக் காட்டு ஓடையில் பல வருடங்களுக்குப் பிறகு, கடலிலிருந்து முட்டையிட ஒரு சால்மன் மீன் ஏறி வந்தது. அது வரட்டும் என்றுதான் ஆற்றுக்காரர்கள் வலையைச் சுருட்டிவிட்டு ஆராய்ச்சிக்காரர்களோடு சேர்ந்திருந்தார்கள்.

"பண்ணையில வளத்து விட்டதா, இங்கயே பொறந்ததான்னு தெரியணும். காதுக்குள்ள ஒரு கல் இருக்கும், அதைப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள் ஆராய்ச்சிக்காரி மாரித்.

"உயிரோட பாக்க முடியாதா?" என்றார் ஆற்றுக்காரர் ஐலோ.

மாரித் மீனின் வயிற்றை அமுக்கிப் பிடித்துத் தலையை அறுத்தாள். கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது சந்தோஷத்தில் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"இங்கயே பொறந்தது! இனி சட்டப்படி இந்த ஓடையில ஒருத்தனும் கை வைக்க முடியாது."

மேசையிலிருந்து சிவப்பு முட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஐலோ அவற்றை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் ஓடைக்குள் நின்றார், ஆண்மீன் ஒன்று வருமா என்று பார்த்தபடி.