விடியலுக்கு ஒரு ஜன்னல்

"ரூம் இல்லைங்க" என்று பதிவேட்டைப் பட்டென்று மூடினார் மோட்டல்காரர்.

லைலுக்குச் சுருக்கென்றது. "வெளியே போர்டுல காலின்னு போட்டிருக்கே?"

"எடுக்க மறந்துட்டேன்."

"வாசல்ல ஒரு கார்கூட நிக்கலையே சார்?"

"இனிமேதான் வருவாங்க."

ரெண்டு நிமிஷம் முன்புவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நெப்ராஸ்காவிலிருந்து மொன்டானாவுக்கு ரெண்டு நாளாகக் காரோட்டி வந்ததைக் கேட்டு, "அடேயப்பா!" என்றார். பெயர் எழுதப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

லைலின் மனைவி நடீன்தான் கேட்டாள். "ஜன்னல்ல மலை தெரியுமா?"

"பெட்ரோல் பங்க்தான் தெரியும் மேடம்."

"பரவாயில்ல. நேஷனல் பார்க்குக்குள்ள எங்கேயும் தங்க இடம் கிடைக்கல. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போய்ப் பார்த்துக்கறோம். பனிக்காலத்துக்குள்ள எனக்குக் கண்ணு முழுசாப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள மலையில சூரியன் வர்றதை ஒரு தடவை பார்த்துடணும்."

அதைக் கேட்டதும்தான் பேனாவை மூடினார்.

"மேலே ஏரிக்கரை லாட்ஜ்ல கேளுங்க. என் பேர் ஓரின், நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

"அங்கே ஒரு வருஷம் முன்னாடியே நிரம்பிடும். தெரியாதா உங்களுக்கு?"

"போய்த்தான் கேளுங்களேன்!" ஓரின் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

காரில் ஏறியதும் லைல் பொரிந்து தள்ளினார். "கண்ணு தெரியாதவ தடுக்கி விழுந்தா கேஸாயிடும்னு பயம். நைசா கை கழுவிட்டான் பாரு!"

"விடு லைல். மலைக்கு வந்துட்டு மோட்டல்காரரைத் திட்டிக்கிட்டு…"

லாட்ஜில் மேனேஜர் பெண் சிரித்தாள். "ஒரு ரூம் இப்பத்தான் கேன்சல் ஆச்சு. மூணாவது மாடி, ஏரியைப் பார்த்த மாதிரி."

"நம்ம அதிர்ஷ்டம்! அந்தச் சிடுமூஞ்சிக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது" என்றார் லைல்.

விடிகாலையில் நடீன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஒரே கருப்பு. பிறகு எங்கோ உயரத்தில், வானம் என்று அவள் நினைத்திருந்த இடத்தில், ஒரு பாறை முனை தணலாய்ச் சிவந்தது. சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பனி, பிளவு, பைன் மரங்கள். கடைசியில் மொத்த மலையும் ஏரிக்குள் தலைகீழாய் வந்து நின்றது.

அறுபத்திரண்டு வயது லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நடீன் கண்களை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"மூடினாலும் தெரியுது லைல்" என்றாள். கன்னமெல்லாம் ஈரம்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது லைல் கேட்டார். "ரூமைக் கேன்சல் பண்ணினது யாரும்மா? அவங்களுக்கு ஒரு நன்றி எழுதிப் போடணும்."

மேனேஜர் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"சொல்லாதேன்னார். ஓரின்தான் சார். மனைவி இறந்ததுலேருந்து, அவங்க கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் இந்த ரூம்ல வந்து தங்குவார். நேத்துதான் அந்த நாள். போன் பண்ணி, 'விட்டுக்கொடுக்கறேன்னா வாங்கிக்க மாட்டாங்க, அதான் இங்கே இடமில்லேன்னு விரட்டிட்டேன். நான் பதினெட்டு தடவை பார்த்தாச்சு, அந்தம்மாவுக்கு இருக்கறது ஒரு தடவைதான்'னார்."