சண்டை மீனுக்கு ஒரு துணை

"ஏங்க, இந்த மூணுல எத உள்ள விடலாம்? நீங்களே சொல்லுங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று துரைராஜ் நினைக்கவில்லை. காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது.

ஜானகி நீட்டிய கிண்ணத்தில் மூன்று வயல் நத்தைகள். முக்காலியின் மேல் கண்ணாடி ஜாடி. அதற்குள் கருநீலத்தில் ஒரு சண்டை மீன். மெட்ராஸிலிருந்து அவள் சித்தப்பா வாங்கி வந்தது. கூட விட்ட மீன்களையெல்லாம் கடித்துக் குதறிவிட்டது. ஆனாலும் அதைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை.

ஜானகியின் அத்தை ராஜம்மாள் அவன் பக்கம் குனிந்தாள்.

"போன வாரம் செய்யாறுலேருந்து வந்த மாப்ள பெருசக் காட்டினாரு. அவரையே வாணாம்னுட்டா."

துரைராஜ் கூட வந்திருந்த பெரியண்ணனைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியாகக் கோட்டை மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அவள் காப்பியோடு வந்து நின்ற கணத்திலேயே அவன் மனம் சம்மதித்துவிட்டது. ஒரே பெண், வீட்டோடு மாப்பிள்ளை வேண்டும் என்றார்கள். வீட்டில் நாலாவது பிள்ளையான அவன் அதற்கும் தயார். கடைத்தெருவிலுள்ள தன் மணிலாக்கடலை மண்டியிலிருந்து அவள் அப்பா சிங்காரவேலு வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று இருந்தான். இப்போது ஒரு நத்தை குறுக்கே நிற்கிறது.

வாயில் வந்ததைச் சொல்லிவிடக் கூடாது. தான் வேலை பார்க்கும் வல்லத்து ரைஸ்மில் கணக்கைச் சரிபார்ப்பதுபோல, ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தான்.

முதலில் பெரியது. மீன் செவுளை விரித்து ஒரு முட்டு முட்டியது. நத்தை ஓட்டுக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டது. காப்பி ஆறிய பிறகும் திறக்கவில்லை.

அடுத்தது சின்னது. மீன் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், கண்ணாடியில் ஏறி, விளிம்பைத் தாண்டி, முக்காலிக்கு வந்துவிட்டது. நத்தைக்கு இத்தனை அவசரம் இருந்து அவன் கண்டதில்லை.

மூன்றாவது நடுத்தரம். மீன் அதன் கொம்பைக் கொத்தியது. கொம்பு உள்ளே போனது. சற்று நேரத்தில் மறுபடி வெளியே வந்தது. கொத்தியது யார் என்றுகூடப் பார்க்காமல் நத்தை பாசியை மேயத் தொடங்கியது. இன்னும் இரண்டு தரம் கொத்திப் பார்த்துவிட்டு மீன் சலித்துப்போய்த் திரும்பிக்கொண்டது.

"இது," என்றான். சொன்னதுமே சந்தேகம் வந்தது. "இதுதான்னு தோணுதுங்க. தப்பா இருந்தா..."

ஜானகி ஜாடியை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் இடி விழுந்தது.

"எவன்டா அவன், சைக்கிள வழியில வெச்சவன்? மூட்ட எறக்க வாணாமா? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

கன்னம் உப்ப, மீசை துடிக்க உள்ளே வந்தார் சிங்காரவேலு. ராஜம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வந்திருப்பது மாப்பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவர் குரல் இறங்கவில்லை.

"நைனா தெனமும் இப்பிடிதாங்க," என்றாள் ஜானகி, மெல்ல.

துரைராஜின் தலை தானாகத் தோள்களுக்கிடையே இறங்கியது. சற்று நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு நிமிர்ந்தான்.

"என்னுதுதான் மாமா. ஓரமா வெச்சிட்டு வரேன். எத்தினி மூட்ட எறக்கணும்?"

ஜானகி சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"அத்த, வெத்தலத் தட்ட எடுத்துனு வாங்க."